சுவடு தெரியாத முகாம்

புகார் கொடுத்த அம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். மகன் கோடை முகாமுக்குப் போனபோது இருந்ததைவிடத் திரும்பி வந்தபோது சுத்தமாக இருந்தான். நகம் வெட்டியிருந்தது. காலுறை துவைத்து, காயவைத்து, ஜோடி பிசகாமல் மடித்திருந்தது. வெட்டவெளியில் கூடாரம் போட்டுப் படுத்த பிள்ளை இப்படியா வீடு திரும்பும்? எங்கேயோ விடுதியில் அறை எடுத்துத் தங்கவைத்துவிட்டு, முகாம் என்று நம் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்று அந்த அம்மாள் சாரணர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

தலைமை அலுவலகம் இதைச் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். விடவில்லை. ஏனென்றால் அதற்கு முந்தின கோடையில் வேறொரு படை உண்மையிலேயே அப்படிச் செய்து மாட்டிக்கொண்டிருந்தது. ஓடையில் குளித்ததாக அவர்கள் கொடுத்த புகைப்படத்தின் ஓரத்தில், கையில் மடித்த துண்டுகளோடு ஒரு விடுதிப் பணியாளர் பணிவாக நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து அலுவலகம் புகைப்படம் என்று எதைக் காட்டினாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆள் நேரில் வரவேண்டும், கூடாரத்தைப் பார்க்கவேண்டும், அடுப்பு மூட்டிய இடத்தைப் பார்க்கவேண்டும், கழிப்புக் குழியைப் பார்க்கவேண்டும். பார்த்தால் படை இருக்கும். பார்க்காவிட்டால் படையின் பதிவு ரத்து. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே படை கூடுகிற அந்த ஒற்றை அறையும் போய்விடும். அந்த அறைக்காக ஒரு நடனப் பள்ளி ஏற்கெனவே வந்து ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருந்தது.

படையை நடத்துபவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுவதும் யாரோ ஒருவருடைய கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கையுமாகக் குனிந்து கிடக்கிற மனிதர். சனிக்கிழமை சாயங்காலம் சீருடை போட்டுக்கொண்டு பிள்ளைகள் முன்னால் நிற்கும்போதுதான் அவர் முதுகு நிமிரும். அது அவருக்கே தெரியும். படை போய்விட்டால் மீதி வாழ்க்கை முழுவதும் குழிதான் என்பதும் தெரியும். அதனால் அந்த அம்மாளின் புகாரைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் அந்த அறையின் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

உண்மையில் அந்தப் பிள்ளை சுத்தமாக வீடு திரும்பியதற்குக் காரணமும் மாஸ்டர்தான். அவர் படைக்கு ஒரு சட்டம் உண்டு: முகாம் முடிந்து கிளம்பும்போது வந்தது தெரியக் கூடாது. ஆளும் சுத்தமாகப் போகவேண்டும், இடமும் சுத்தமாக இருக்கவேண்டும். மற்ற படைகளும் இதைச் சொல்லும். சொல்லிவிட்டுக் காகிதத்தைப் பொறுக்கும். மாஸ்டரின் பிள்ளைகள் அப்படி இல்லை. அடுப்புக்கு இடம் எடுக்கும்போதே புல்லை வேரும் மண்ணுமாகப் பத்தை பத்தையாகப் பெயர்த்து, நிழலில் வைத்து, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்துக் காப்பாற்றுவார்கள். போகிற அன்று அதை அதே இடத்தில், அதே திசையில் பதிப்பார்கள். கூடாரத்துக்குக் கீழே படிந்த புல்லை விரலால் கோதி நிமிர்த்துவார்கள். யாராவது ஒரு சுவடு விட்டால் அங்கேயே கழுத்து ஸ்கார்ஃபைக் கழற்றி அணித்தலைவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இந்த விஷயத்தில் மட்டும் யார் உத்தரவும் செல்லாது, என் உத்தரவும் செல்லாது என்று மாஸ்டர் வருஷா வருஷம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

பார்வையிட வரப்போகிறவர் யார் என்று தெரிந்ததும் மாஸ்டருக்கு மூச்சு வந்தது. சாரணர்களின் வட்டார ஆணையர். அதாவது மாஸ்டருடைய மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். தொழில் ஆடிட்டர். ஆணையர் வேலை கௌரவத்துக்கு.

"மச்சான்தானே வர்றாரு" என்று மாஸ்டர் தெம்பாகச் சொன்னார்.

மனைவி அப்போது கூடாரத் துணி ஒன்றைத் தையல் இயந்திரத்தில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். தையற்கடை வைத்திருப்பவர். படையின் கிழிசல் எல்லாம் அவர் கையில்தான் முடியும். முகாமுக்கு அரிசி பருப்பு கணக்குப் போடுவது, பெற்றோருக்குப் போன் செய்வது, யாருக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று நினைவில் வைத்திருப்பது எல்லாம் அவர்தான். விசில் ஊதுவது மட்டும் மாஸ்டர்.

"அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு" என்றார் மனைவி. "எங்க அண்ணன் சொந்த அக்கா கடைக் கணக்குல தப்பு கண்டுபிடிச்சு அபராதம் கட்ட வச்சவரு. அக்கா வீட்டு விருந்துல உக்காந்துகிட்டே."

அந்த அண்ணனும் ஒரு சாயங்காலம் வந்து, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டுப் போனார்.

"மாப்ள, சொந்தக்காரன்னு சலுகை காட்டினேன்னு பேர் வரக் கூடாது. பார்த்தா பார்த்தேன்னு சொல்லுவேன். பார்க்கலைன்னா பார்க்கலைன்னு சொல்லுவேன்."

"பார்க்காம எங்க போகப் போகுது மச்சான். கடைசி நாள் காலையில வாங்க. எல்லாம் அப்படியே நிக்கும்."

அடுத்த முகாம் ஓடைக்கரையில் ஒரு புல்வெளியில் நடந்தது. நன்றாகவே நடந்தது என்று சொல்லவேண்டும். சோறு குழைந்தது, ஒரு கூடாரம் சாய்ந்தது, இரண்டு பேர் பேச்சுவார்த்தை நிறுத்திக்கொண்டு பிறகு ஒரே பாத்திரத்தைத் தேய்க்க நேர்ந்ததில் சமாதானம் ஆனார்கள். துணைக்குப் பெரியவர் ஒருவர் வேண்டும் என்பது விதி. அதற்குப் பேக்கரிக்காரர் வந்திருந்தார். கோழி கூவும் முன்னே எழுந்து பழகியவர் ஆனதால், மற்றவர்கள் பல் தேய்க்கும் நேரத்துக்கெல்லாம் அவருக்கு அடுத்த தூக்கம் வந்துவிடும். அவருடைய மகள்தான் மூத்த அணியின் தலைவி. பிள்ளைகள் அவளைக் கலெக்டர் என்று கூப்பிட்டார்கள். அப்பா உட்பட யாரும் அவள் பேச்சைத் தட்டுவதில்லை.

கடைசி நாள் காலையில் மச்சானுக்கு வழி தெரியவேண்டும் என்று, தார்ச்சாலையிலிருந்து புல்வெளி வரை கல்லை அடுக்கி அம்புக்குறி வைத்தார்கள். சாரணர் மரபுப்படி வைத்த அம்புகள்; குருடனும் தடவிக்கொண்டே வந்துவிடலாம். ஓடைக்கரையில் போனுக்கு சிக்னல் எடுக்கவில்லை. மச்சானைக் காணோம் என்றதும் மாஸ்டர் கூடாரம் கூடாரமாகப் பார்த்து, எல்லாம் கம்பீரமாக நிற்கிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டு, போன் எடுக்கும் இடம் தேடிச் சாலையில் நாற்சந்தி வரைக்கும் நடந்தார்.

அவர் போன பிறகு மேற்கே ஒரு மேகம் கறுத்தது.

நனைந்த கூடாரத்தை மடித்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சை பிடித்த துணியை எரிக்கத்தான் வேண்டும், ஆகவே மேகம் கறுத்தால் உடனே பிரித்துக் கட்டு என்பது மாஸ்டர் சொல்லிக்கொடுத்தது. நான் இல்லாத நேரத்தில் முடிவெடுப்பதற்குத்தான் அணித்தலைவி என்று ஒருத்தி இருக்கிறாள் என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். கலெக்டர் மேகத்தைப் பார்த்தாள். விசில் ஊதினாள். சாமான் ஏற்றுகிற லாரி அன்று பார்த்துச் சீக்கிரம் வந்துவிட்டது. பேக்கரிக்காரரை எழுப்ப வேண்டாம் என்று அவரைச் சுற்றியே கூடாரத்தைப் பிரித்து எடுத்தார்கள். விழித்தபோது அவர் புல்லின் மேல் பாய் மட்டும் விரித்துப் படுத்திருந்தார். சின்ன அணி ஒன்று ஓடிப்போய்த் தார்ச்சாலை வரைக்கும் இருந்த அம்புகளைக் கலைத்து, கற்களை ஓடையில் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தது. பிறகு எல்லாரும் மண்டியிட்டுப் புல்லைக் கோதினார்கள்.

மேகம் ஒரு சொட்டுக்கூடப் போடாமல் கிழக்கே போய்விட்டது.

நாற்சந்தியிலும் மச்சானின் போன் கிடைக்கவில்லை. மாஸ்டர் திரும்பி வரும் வழியில் லாரி எதிரே வந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்துக் கையசைத்தார். மாஸ்டரும் மரியாதைக்குக் கையசைத்தார். தன்னுடைய முகாம் முழுவதும் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

புல்வெளிக்கு வந்து நின்றவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் வழி தவறி வேறு புல்வெளிக்கு வந்துவிட்டோம் என்றே நினைத்தார். மரத்தடியில் பிள்ளைகள் பைகளோடு வரிசையாக உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். பாராட்டுக்குக் காத்திருக்கிற முகங்கள்.

"மழை வரும்னு முடிச்சுட்டோம் மாஸ்டர்" என்றாள் கலெக்டர். "இதுவரைக்கும் இவ்வளவு சுத்தமா வந்ததே இல்ல."

மாஸ்டர் வாயைத் திறந்தார். என்ன சொல்லித் திட்டுவது? அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வரி பிசகவில்லை. "நல்லது" என்று மட்டும் சொன்னார். எல்லாரும் சாலைக்குப் போய்ப் பஸ்ஸுக்கு நில்லுங்கள், நான் பின்னாலேயே வருகிறேன் என்று பேக்கரிக்காரரோடு அனுப்பிவைத்தார்.

அவர்கள் மறைந்ததும் மாஸ்டர் கழிப்புக் குழியைத் தேடினார். மண் போட்டு மூடியிருந்தாலும் தோண்டிக் காட்டலாம்; அதைவிடப் பெரிய சாட்சி எது? புதருக்குப் பின்னால் போனார். குச்சியால் இங்கே குத்தினார், அங்கே குத்தினார். காலால் தட்டிப் பார்த்தார். மூன்று நாளும் தானே போய்வந்த இடம். தலைகீழாக நின்று பார்த்தும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அடுத்த நிமிஷம் நடனப் பள்ளியின் அளவுநாடா நினைவுக்கு வந்தது.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நடக்காததை நடந்ததாகக் காட்டினால்தானே ஏமாற்று? நடந்ததை நடந்ததாகக் காட்டினால் அது எப்படி ஏமாற்று ஆகும்? மனிதன் தப்புச் செய்யத் தீர்மானித்துவிட்டால் அவனுக்கு வாதாட வக்கீல் வேண்டியதில்லை. மாஸ்டர் பையிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்தார். மண்வெட்டி லாரியில் போய்விட்டதே. மண்டியிட்டு, எவர்சில்வர் தட்டால் கூடாரத்தைச் சுற்றி மழைநீர் ஓடவிடும் வாய்க்கால் மாதிரி ஒன்றைத் தோண்டினார். நடுவில் கூடாரம் இல்லை என்பதைத் தவிர வாய்க்கால் அருமையாக வந்தது. பிறகு ஓடையிலிருந்து கற்களைக் கொண்டுவந்து வட்டமாக வைத்து, சுள்ளி போட்டு, தீக்குச்சியைக் கிழித்தார். புல் கருகுகிற வாசனை வந்தது. நாம் இத்தனை வருஷம் எத்தனையோ பிள்ளைகளின் ஸ்கார்ஃபை இதற்காகக் கழற்ற வைத்திருக்கிறோம் என்று நினைக்காமல் இருக்க, அவர் வேகமாக ஊதினார்.

"மாஸ்டர், என்ன பண்றீங்க?"

கலெக்டர் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் கிளம்பிய பிறகு ஒருவர் திரும்பி வந்து கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகவேண்டும் என்பது சட்டத்தின் கடைசிப் பகுதி. மாஸ்டர் அதை மறந்துவிட்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல. நீ போ."

"புல்லு எரியுது மாஸ்டர்."

"தெரியும். ஆணையர் பார்க்கணும்ல. பார்க்கலைன்னா ரூம் போயிடும், படை போயிடும். புரியுதா? நீ பெரிய பொண்ணு."

அவளுக்குப் புரிந்தது. முகத்தைப் பார்த்தாலே புரிந்தது தெரிந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து தீயின் மேல் ஊற்றினாள். பிறகு விசிலை எடுத்து ஊதினாள். சாலையிலிருந்து பிள்ளைகள் எல்லாம் திடுதிடுவென்று ஓடிவந்து, வாய்க்காலையும் கரியையும் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, ஒன்றும் புரியாமல் நின்றார்கள். பிறகு பழக்கதோஷத்தில் மண்டியிட்டு வேலையைத் தொடங்கினார்கள்.

"நிறுத்துங்க. இது என் உத்தரவு" என்றார் மாஸ்டர்.

யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கலெக்டர் அவர் முன்னால் வந்து கையை நீட்டினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கழுத்திலிருந்து ஸ்கார்ஃபைக் கழற்றி அவள் கையில் வைத்தார். அவமானத்தில் காது மடல் சுட்டது.

மச்சான் அந்த நேரம் பார்த்து எதிர்க்கரை முள்புதரைப் பிய்த்துக்கொண்டு வந்தார். கால்சட்டை முழங்காலில் கிழிந்திருந்தது. கையில் குடை மட்டும் ஒழுங்காக இருந்தது.

"மாப்ள, காலையிலேர்ந்து உங்க முகாமைத் தேடிக்கிட்டு இருக்கேன். அம்பு வச்சிருப்போம்னு சொன்னீங்களே."

"நாங்க எடுத்துட்டோம் சார்" என்றான் படையிலேயே சின்னவன். "ஒண்ணுகூட விடல."

மச்சான் ஓடையைக் கடந்து வந்து சுற்றிலும் பார்த்தார். கூடாரம் கேட்டார், லாரியில் போய்விட்டது என்றார்கள். கழிப்புக் குழி கேட்டார். புதருக்குப் பின்னால் என்றார்கள், போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "அடுப்பு?" என்று மாஸ்டரிடம் கேட்டார்.

பிள்ளைகள் பாதிதான் மூடியிருந்தார்கள். கரி இன்னும் தெரிந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார். இது நமக்காக இல்லை, இதுகளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"இதுதான் மச்சான். மூணு நாளா இதுலதான் சமையல்."

மச்சான் குனிந்து தொட்டார். "இன்னும் சூடா இருக்கே."

"காலையில டீ போட்டோம்."

பிள்ளைகளுக்குப் பின்னாலேயே வந்து சேர்ந்திருந்த பேக்கரிக்காரர் தன் செருப்பைக் கவனமாகப் பார்த்தார்.

"இல்ல சார்" என்றாள் கலெக்டர். "இது மாஸ்டர் இப்பதான் கொளுத்தினாரு. எங்க அடுப்பு அங்க இருந்துச்சு."

போய் ஒரு இடத்தில் நின்று காட்டினாள். மச்சான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். புல். மற்ற இடத்தில் இருந்த அதே புல்.

"ஒண்ணும் தெரியலையேம்மா."

"தெரியாது சார்."

"அப்ப உன் பேச்சை நான் எப்படி நம்பறது?"

"நம்ப முடியாது சார்."

"உங்க ரூம் போயிடும்னு தெரியுமா?"

"தெரியும் சார்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, கரிந்த மண்ணைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். அடர்த்தியாகப் புல் இருந்த இடங்களிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளி எடுத்து வந்து, வேர் பதிய நட்டு, தண்ணீர் விட்டார்கள். சிலர் அழுதுகொண்டே செய்தார்கள். மச்சான் ஒரு பாறை மேல் உட்கார்ந்து முழுவதையும் பார்த்தார். முடிந்ததும் எழுந்து வந்து அந்த இடத்தைத் தேடினார். தேடிக்கொண்டே அதன் மேல் நடந்து போய்விட்டார். மாஸ்டர் யாருக்கும் முகம் கொடுக்காமல் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். தங்கைதான் கால்சட்டையைத் தைத்துக் கொடுத்திருந்தார். சாப்பிட உட்கார்ந்தவர், முதல் வாயை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்.

"முகாம் நடந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

மாஸ்டரால் நம்ப முடியவில்லை. "பார்க்காமலா?"

"பார்த்தேனே மாப்ள. எரிஞ்ச இடத்தை என் கண்ணு முன்னாடியே இல்லாம பண்ணினாங்க. விடுதியில தங்கின பிள்ளைங்களுக்கு அது எப்படி வரும்? படை இருக்கும். ரூமும் இருக்கும்." தண்ணீர் குடித்தார். "நீங்க இருக்க முடியாது."

மனைவியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"அத்தனை பிள்ளைங்க முன்னாடி ரெண்டு பொய் சொன்னீங்க."

"எனக்காகவா மச்சான் சொன்னேன்?"

"யாருக்காகன்னு நான் கேக்கல."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தார். படை பிழைத்துவிட்டது என்ற சந்தோஷமும் அதே நேரத்தில் வந்து சேர்ந்துகொண்டதால், எதற்காக எழுந்திருக்கிறோம் என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"அப்ப யாருண்ணே பாத்துக்கறது?" என்று மனைவி கேட்டார்.

மச்சான் தங்கையை நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி நீ சாரணர் பயிற்சி முடிச்சவதானே. இத்தனை வருஷமா பார்த்துக்கறதும் நீதானே. கொஞ்சம் ரசம் ஊத்து."

சனிக்கிழமை சாயங்காலம் மனைவி சீருடையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டார். அளவு அவரே பார்த்துத் தைத்தது, கச்சிதமாக இருந்தது. அறைச் சாவியை எடுத்துக்கொண்டார். மாஸ்டர் வாசல்வரை வந்தார்.

"நானும் சும்மா வந்து ஓரமா நிக்கட்டுமா?"

"இன்னிக்கு வேணாங்க. பிள்ளைங்களுக்கு இன்னும் கோபம் ஆறல."

மனைவி போனதும் மாஸ்டர் வீட்டில் எரியாத ஒரு விளக்கைச் சரிசெய்தார். எரிந்துகொண்டிருந்த இன்னொன்றையும் கழற்றி மாட்டினார். மேஜையில் மூடி வைத்திருந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை. இந்நேரம் கொடி ஏற்றியிருப்பார்கள், இந்நேரம் முடிச்சுப் போடக் கற்றுக்கொள்வார்கள், சின்னவன் இந்நேரம் அழுதிருப்பான் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மனைவி இருட்டிய பிறகு வந்தார். முகத்தில் களைப்பு, அதோடு மறைக்க முயன்றும் முடியாத சந்தோஷம். மாஸ்டருக்கு அதைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

மனைவி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பொய் சொல்லத் தெரியாத குடும்பம். "இல்லங்க. யாரும் கேக்கல."

மாஸ்டர் தலையை ஆட்டினார்.

"கிளம்பும்போது கலெக்டர் மட்டும் பின்னாலேயே வந்தா. மாஸ்டர் சாப்பிட்டாரான்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"சாப்பிட்டிருக்க மாட்டாருன்னு சொன்னேன்."

"அதுக்கு?"

"போய்ப் போடுங்கன்னு சொன்னா."

மனைவி சீருடையை மாற்றக்கூட இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்து தட்டை எடுத்து வைத்தார். மாஸ்டர் உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாயில் அவருக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சாப்பிட்டார், மனைவி இன்னும் கொஞ்சம் போட்டார், வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.